அரசுரிமைச் சொற்களும் உறவுமுறைச் சொற்களும்: மொழிபெயர்ப்பு நோக்கில் ஒரு திறனாய்வு

1. முன்னுரை

அரியணை யாருக்கு உரியது என்னும் வினாவைப் படைவலிமையும் சூழ்ச்சியும் தீர்த்துவைத்த காலங்கள் பல உண்டு. இன்று மன்னராட்சி நிலைத்துள்ள நாடுகளில் அதனைத் தீர்த்துவைப்பன பெரும்பாலும் சட்டத் தொடர்களே ஆகும். அத்தொடர்களைப் பகுத்து நோக்கின், அவை மகன், மகள், உடன்பிறந்தார், வழித்தோன்றல் என்னும் சில உறவுமுறைச் சொற்களாலும், மூத்த, ஆண்வழி, சட்டப்படியான என்னும் சில அடைகளாலும் ஆக்கப்பட்டிருத்தல் புலனாகும். எனவே அரசுரிமைச் சட்டம் என்பது ஒருவகையில் உறவுமுறைச் சொற்களுக்கு எழுதப்பட்ட இலக்கணமே எனலாம்.

உறவுமுறைச் சொற்கள் மொழிக்கு மொழி வேறுபடும் என்பதை மார்கன் 1871-இலேயே விரிவாக எடுத்துக்காட்டினார். திராவிட உறவுமுறையின் தனித்தன்மையைத் தூய்மோன், திரவுட்மன் முதலியோர் பின்னர்த் தெளிவுறுத்தினர். ஆயினும் இவ்வாய்வுகளின் பயன் மொழிபெயர்ப்புத் துறையைப் போதிய அளவு வந்தடைந்ததாகத் தெரியவில்லை. பிறநாட்டு அரசுரிமை பற்றித் தமிழில் வெளிவரும் செய்திகளிலும் வரலாற்று நூல்களிலும், மூலம் கூறும் உரிமையாளர் ஒருவராகவும் தமிழ்ச்சொல் சுட்டும் உரிமையாளர் வேறொருவராகவும் அமைந்துவிடுகின்றனர். இப்பிழை எவ்விடங்களில், எக்காரணத்தால் நேர்கிறது என்பதையும், அதனைத் தவிர்க்கத் தமிழிலேயே உள்ள வளங்கள் யாவை என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. 'வாரிசு' என்னும் பொதுச்சொல்

அரபு மூலத்திலிருந்து வந்து, ஆட்சித்துறை வழியாகத் தமிழில் வேரூன்றிய 'வாரிசு' என்னும் சொல்லே இத்துறையில் மிகுதியாக ஆளப்படுகிறது. 'அரியணை வாரிசு', 'முடியாட்சி வாரிசு' என்னும் தொடர்கள் நாளிதழ் வாசகர்க்குப் பழகியவை. இச்சொல்லின் எளிமையே இதன் குறைபாடாகவும் உள்ளது.

ஒருவரது கால்வழியில் வருதல், அவரது சொத்தைப் பெறுதல், அவரது பதவியை ஏற்றல் ஆகிய மூன்றும் வெவ்வேறு நிகழ்வுகள் என்றும், ஒரே சமுதாயத்தில் இம்மூன்றும் வெவ்வேறு வழிகளில் செல்லக்கூடும் என்றும் மானிடவியலார் ரிவர்ஸ் 1924-இல் வெளிவந்த தம் நூலில் வரையறுத்தார். 'வாரிசு' என்னும் சொல் இம்மூன்றையும் ஒருசேரக் குறிக்கிறது. வட்டாட்சியர் அலுவலகத்தில் பெறப்படும் வாரிசுச் சான்றிதழில் மனைவி, மகன்கள், மகள்கள், தாய் எனப் பலர் இடம்பெறுவர்; அவர்கள் அனைவரும் வாரிசுகளே. சொத்து பங்கிடத்தக்கது, அரியணை பங்கிடத்தகாதது. பலருக்கு உரியதைக் குறிக்கும் சொல்லால் ஒருவருக்கே உரியதைக் குறிக்கும்போது, அரசுரிமைச் சட்டத்தின் அடிப்படைச் சிக்கலான 'பலருள் ஒருவரைத் தெரிதல்' என்பது மறைந்துவிடுகிறது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே இவ்வேறுபாட்டை உணர்ந்துள்ளது. இந்திய அரசுடன் சுதேச மன்னர் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி ஒற்றை உரிமையாளரைச் சென்றடையும் சொத்துகளை அச்சட்டத்தின் 5-ஆம் பிரிவு தன் எல்லையிலிருந்து விலக்குகிறது.

இம்மூன்று கருத்துகளையும் பிரித்துரைக்கும் சொற்கள் தமிழில் இல்லாமலில்லை. கால்வழி, தாயம், பட்டம் என்பன முறையே மரபுவழியையும் உரிமைப்பேற்றையும் பதவியேற்பையும் குறிக்க வல்லன. இவற்றுள் 'தாயம்' சங்க இலக்கியத்திலேயே அரசுரிமையைச் சுட்டி வழங்கிய சொல்லாகும். கரிகாலன் தனக்குரிய தாயத்தைப் பெற்றதைப் பட்டினப்பாலை கூறுகிறது. பிற்காலத்தில் இச்சொல் ஆட்டத்திலும், 'தாயாதி' என்னும் ஆக்கம் பங்காளிப் பகையிலும் ஒதுங்கிவிட்டமையால், கலைச்சொல்லாக்குவோர் இதனைக் கருத்திற் கொள்வதில்லை.

3. 'மருமகன்': ஒரு சொல், இரு முறைகள்

3.1. மருமக்கத்தாயம்

மேற்கூறிய 'தாயம்' இன்றும் உயிருடன் விளங்கும் இடம் 'மருமக்கத்தாயம்' என்னும் கூட்டுச்சொல்லாகும். இதன் ஈற்றுச்சொல்லைத் 'தாய்' என்பதன் திரிபாகக் கொண்டு 'தாய்முறை' எனவும் 'தாயாட்சி' எனவும் பெயர்ப்பது பரவலாகக் காணப்படும் பிழையாகும். தாயம் என்பது இங்கு உரிமைப்பேறு. மருமக்கள் பெறும் உரிமைப்பேறே மருமக்கத்தாயம். பெண்வழி வருதல் வேறு. பெண் ஆளுதல் வேறு.

திருவிதாங்கூர் அரசவரிசை இதனைத் தெளிவாக்கும். சுவாதித் திருநாள் 1846-இல் மறைந்தபின் அவர் தம்பி உத்திரம் திருநாளும், 1860-இல் அவருக்குப்பின் உடன்பிறந்தாள் மகன் ஆயில்யம் திருநாளும், 1880-இல் அவர் தம்பி விசாகம் திருநாளும், 1885-இல் மீண்டும் உடன்பிறந்தாள் மகனாகிய மூலம் திருநாளும் பட்டமேற்றனர். முதலில் தம்பி, அதன்பின் மருமகன் என்பதே இதன் ஒழுங்கு. ஆள்பவர் ஆண்; ஆள்பவரைத் தருவது பெண்வழி. இதனால்தான் குடும்பத்தில் பெண்மக்கள் இல்லாதபோது ஆண்மகவைத் தத்தெடுக்காமல் பெண்மகவைத் தத்தெடுத்தனர். 1900-இல் மாவேலிக்கரையிலிருந்து சேது லட்சுமி பாயி, சேது பார்வதி பாயி ஆகிய இருவர் தத்தெடுக்கப்பட்டனர். பின்னவரின் மகனாகிய சித்திரைத் திருநாள் 1924-இல் இளஞ்சிறுவராக உரிமையெய்தியபோது, 1931 வரை ஆட்சியை நடத்திய சேது லட்சுமி பாயி ஆட்சிக்காவலராகவே இருந்தார்.

மன்னரின் சொந்த மக்கட்கு இம்முறையில் அரியணை இல்லை. அவர்கள் 'தம்பி' எனவும் 'தங்கச்சி' எனவும் பட்டப்பெயர் பெற்றனர். 1729-இல் பட்டமேற்ற மார்த்தாண்ட வர்மரை எதிர்த்து அரியணைக்கு உரிமை கோரியதாக வரலாற்று மரபு கூறும் பத்மநாபன் தம்பியும் இராமன் தம்பியும் முந்தைய மன்னரின் மக்களாவர். அவர்கள் கதை தென்திருவிதாங்கூர்த் தமிழ்ப் பகுதியில் 'தம்பிமார் கதை' என்னும் கதைப்பாடலாக வழங்கியது. இவ்வரலாற்றைப் பெயர்ப்பவர் 'தம்பி' என்பதைப் பட்டப்பெயராக உணராது இளைய உடன்பிறந்தான் எனக் கொள்வாராயின், மகன்களின் கலகம் தம்பிமாரின் கலகமாகிவிடும். மருமக்கத்தாயத்தில் தம்பிக்கே முதலுரிமை ஆதலின், உரிமையற்றோர் உரிமையுடையோராகத் தோற்றமளிப்பர். கலகத்தின் காரணமே தலைகீழாகும்.

இம்முறை தமிழர்க்கு அயலானதன்று. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே நிலவிய மருமக்கள் வழியைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் 'மருமக்கள் வழி மான்மியம்' எள்ளி நகையாடியது. அந்நூலைப் படித்த தமிழ் வாசகர்க்குத் திருவிதாங்கூர் அரசவரிசையில் வரும் 'மருமகன்' என்னும் சொல் ஐயமின்றி விளங்கும். ஆங்கில நூல்கள் ஆளும் 'நெவ்யூ' என்னும் சொல்லைவிட இங்குத் தமிழ்ச்சொல்லே துல்லியமானது.

3.2. சப்பானிய அரியணை

ஆங்கிலச் சொல் உடன்பிறந்தான் மகனையும் உடன்பிறந்தாள் மகனையும் ஒன்றாகக் கொள்ளும். தமிழில், ஆண் ஒருவனுக்கு உடன்பிறந்தாள் மகன் மருமகன். உடன்பிறந்தான் மகனோ மகன் முறையினன். மேலும் மகளின் கணவனும் மருமகனே. முறைமண வழக்கால் ஒன்றுபட்ட இவ்விரு பொருளும் திராவிட உறவுமுறையின் அடிப்படைக் கூறாகும்.

2019 மே 1-ஆம் நாள் அரியணையேறிய சப்பானியப் பேரரசர் நருஹிதோவுக்கு மகன் இல்லை. 2001-இல் பிறந்த ஐக்கோ என்னும் ஒரே மகள் உண்டு. 1947-ஆம் ஆண்டின் பேரரசக் குடும்பச் சட்டம் ஆண்வழியில் வந்த ஆண்மக்களுக்கே அரியணையை உரியதாக்குகிறது. ஆகவே முதலுரிமை பேரரசரின் தம்பி அகிஷினோவுக்கும், அடுத்த உரிமை அவர் மகனாக 2006-இல் பிறந்த ஹிசஹிதோவுக்கும் உரியன. ஆங்கிலச் செய்தி ஹிசஹிதோவைப் பேரரசரின் 'நெவ்யூ' என்னும். இதனை அகராதிப்படி 'மருமகன்' எனத் தமிழில் எழுதினால், தமிழ் வாசகர் கொள்ளும் பொருள் இரண்டே: பேரரசரின் உடன்பிறந்தாள் மகன், அல்லது ஐக்கோவின் கணவன். சப்பானியச் சட்டம் அரியணைக்கு அருகிலும் விடாத இருவரையே தமிழ்ச்சொல் அரியணையில் அமர்த்துகிறது. உடன்பிறந்தாள் மகன் பெண்வழியினன். மகளின் கணவனோ அக்குடும்பத்தானே அல்லன். சாதாரணக் குடிமகனை மணக்கும் இளவரசி அச்சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி பேரரசக் குடும்பத்தையே நீங்குகிறார். இங்குத் 'தம்பி மகன்' என்னும் எளிய தொடர் ஒன்றே பிழையை முழுதும் நீக்கப் போதுமானது.

இச்சட்டம் பற்றிய விவாதத்தில் மற்றொரு வேறுபாடும் இன்றியமையாதது. சப்பானிய மொழி 'ஜோசெய் தென்னோ' எனப் பெண்ணாகிய பேரரசரையும், 'ஜோகெய் தென்னோ' எனப் பெண்வழி வந்த பேரரசரையும் பிரித்துக் கூறும். சப்பானிய வரலாற்றில் எண்மர் பெண் பேரரசராக இருந்துள்ளனர். அவர்கள் அனைவரும் ஆண்வழியில் வந்தோராகவே கொள்ளப்படுகின்றனர். எனவே பெண் பேரரசரை ஏற்பவர் பெண்வழிப் பேரரசரை மறுக்கலாம். அவ்வாறு மறுப்போர் உளர். பாலினம் பாராது தலைப்பிள்ளைக்கு உரிமை வழங்கலாம் என 2005-இல் அறிவுரைக்குழு பரிந்துரைத்ததும், மறு ஆண்டு ஹிசஹிதோ பிறந்ததனால் அம்முயற்சி கைவிடப்பட்டதும் இவ்வேறுபாட்டின் பின்னணியிலேயே புரிந்துகொள்ளத்தக்கன. இரண்டையும் 'பெண் அரசுரிமை' என ஒரே தொடரால் பெயர்த்தால் விவாதம் பெண்ணுரிமை பற்றிய எளிய வழக்காகச் சுருங்கிவிடும். தமிழ் இங்கு வறுமையுற்றதன்று: 'பெண் பேரரசர்', 'பெண்வழிப் பேரரசர்' என்னும் இரு தொடர்களும் மூலத்துக்கு நேராக அமைகின்றன. பயன்படுத்தாமையே குறை.

4. 'பேரன்': மறையும் ஒரு வேறுபாடு

மருமகன் என்னும் சொல் மூலத்தைவிட நுண்மையானது. 'பேரன்' என்பதோ மூலத்தைவிடப் பரந்தது. சவூதி அரேபியாவின் 1992-ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, ஆட்சி நிறுவனர் அப்துல் அசீசின் 'அப்னா'களிடமும் 'அப்னாக்களின் அப்னா'களிடமும் இருக்கும் என்றும், அவர்களுள் மிகத் தகுதியானவர்க்கே உடன்பாட்டுறுதி அளிக்கப்படும் என்றும் விதிக்கிறது. இரண்டாம் தொடரைப் 'பேரர்கள்' எனப் பெயர்ப்பது தமிழ்நடைக்கு இயல்பாகத் தோன்றும். ஆயின் பேரர் என்னும் சொல் மகள்வயிற்றுப் பேரரையும் உள்ளடக்கும்; சட்டம் குறிப்பதோ மகன்களின் மகன்களை மட்டுமே. ஒரு சொல்லின் இயல்பான நடைக்காக அரியணை மற்றொரு குடும்பக் கிளைக்குத் திறந்துவிடப்படுகிறது.

'மகன்வயிற்றுப் பேரன்', 'மகள்வயிற்றுப் பேரன்' என்னும் வழக்குகள் தமிழில் தொன்றுதொட்டு உள்ளன. 1070-இல் சோழ அரியணை ஏறிய முதற் குலோத்துங்கனை முதலாம் இராசேந்திரனின் மகள்வயிற்றுப் பேரன் எனத் தமிழ் வரலாற்று நூலார் தவறாது குறிப்பர். கீழைச் சாளுக்கிய மரபினன் சோழனானது எவ்வாறு என்பதை விளக்குவது அந்த அடைமொழியே. தம் வரலாற்றை எழுதும்போது காக்கும் வேறுபாட்டைப் பிறர் சட்டத்தைப் பெயர்க்கும்போது கைவிடுதல் பொருந்தாது.

சவூதி அரியணை 1953 முதல் சவூது, பைசல், காலிது, பகுது, அப்துல்லா, சல்மான் என ஆறு உடன்பிறந்தாரிடையே சென்றது. அவர்களுட் பலர் வெவ்வேறு தாயர்க்குப் பிறந்தோர். இவ்வுறவை 'ஒன்றுவிட்ட சகோதரர்' எனக் குறிப்பதும் பிழையே. ஒன்றுவிட்ட உறவு பெரியப்பன், சிற்றப்பன், பெரியம்மை, சிற்றன்னை ஆகியோரின் மக்களைக் குறிக்கும். தந்தை ஒருவராகவும் தாய் வேறாகவும் உள்ளவரை 'மாற்றாந்தாய் மகன்' என்பதே முறை. 2017-இல் சல்மான் தம் மகனைப் பட்டத்துரிமையராக்கியது ஏன் பெருமாற்றமாகக் கருதப்பட்டது என்பது, அதற்கு முந்தைய வரிசை அப்துல் அசீசின் மகன்களிடையே பக்கவாட்டில் சென்ற வரிசை என்பதை வாசகர் அறிந்தால்தான் விளங்கும்.

5. மூத்த மகனும் தலைப்பிள்ளையும்

'பிரைமோஜெனிச்சர்' என்னும் கலைச்சொல்லுக்கு 'மூத்த மகன் உரிமை' என்பதே பெருவழக்கான பெயர்ப்பு. இச்சொல்லின் பகுதிகள் 'முதற்பிறப்பு' என்னும் பொருளையே தருவன. பாலினம் அவற்றுள் இல்லை. ஐரோப்பிய அரசுரிமை வரலாற்றில் நெடுங்காலம் ஆணுக்கே முதன்மை இருந்தமையால் பெயர்ப்பில் 'மகன்' நுழைந்தது. அம்முதன்மை நீங்கிவரும் இக்காலத்தில் அப்பெயர்ப்பு தன்முரணாகிறது. சுவீடனில் 1980 சனவரி 1 முதல் பாலினம் பாராத உரிமை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மே மாதத்தில் பிறந்த கார்ல் பிலிப் தம் பட்டத்துரிமையை 1977-இல் பிறந்த தமக்கை விக்டோரியாவிடம் இழந்தார். பிரித்தானியாவின் 2013-ஆம் ஆண்டு முடியுரிமைச் சட்டம் 2015 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. 2011 அக்டோபர் 28-க்குப் பின் பிறந்தோரிடையே அது ஆண்முதன்மையை நீக்கியது. இதனால் 2015-இல் பிறந்த சார்லட் 2018-இல் பிறந்த தம்பி லூயிக்கு முற்பட்ட இடத்தைக் காத்துக்கொண்டார். இம்மாற்றத்தை 'பெண்களுக்கும் மூத்த மகன் உரிமை' என எழுதநேர்வது தமிழின் குறையன்று, கலைச்சொல்லாக்கத்தின் குறையாகும்.

பேச்சுத்தமிழில் 'தலைச்சன்', 'தலைப்பிள்ளை' என்னும் சொற்கள் முதலில் பிறந்த மகவை ஆண்பெண் வேறுபாடின்றிக் குறிக்கின்றன. 'தலைச்சன் பெண்' என்பது இயல்பான வழக்கு. ஆகவே பொதுச்சொல்லாகத் 'தலைப்பிள்ளை உரிமை' என்பதையும், அதன் வகைகளாக 'ஆண்முதன்மைத் தலைப்பிள்ளை உரிமை', 'ஆண்வழித் தலைப்பிள்ளை உரிமை', 'பால்வேறுபாடற்ற தலைப்பிள்ளை உரிமை' என்பனவற்றையும் ஆளலாம்.

'மூத்த' என்னும் அடையை வேறொரு முறைக்கு ஒதுக்கிவைத்தலும் தேவையாகிறது. கொச்சி அரசகுடும்பத்தில் பெண்வழியில் வந்த ஆண்கள் அனைவருள்ளும் வயதில் மூத்தவரே பட்டமேற்றார். தலைப்பிள்ளை முறை ஒரு கிளை முழுதும் அற்ற பின்னரே அடுத்த கிளைக்குச் செல்லும். மூப்பு முறை கிளைகளைப் பொருட்படுத்தாது. மூப்பு முறையில் பட்டமேற்போர் முதியோராகவே இருப்பர் ஆதலின் ஆட்சிக்காலங்கள் குறுகும். கொச்சியில் 1941 முதல் 1949 வரை நால்வர் ஒருவர்பின் ஒருவராகப் பட்டமேற்றனர். மலையாளத்தில் 'மூப்பு' என்பது இத்தலைமையையே குறிக்கும் வழக்குச்சொல்லாதலின், 'மூப்புரிமை' என்னும் ஆக்கத்தை இம்முறைக்கெனவே வரையறுத்துக்கொள்ளுதல் நன்று.

'பட்டத்து இளவரசர்' என்னும் தொடரும் இத்தகு வரையறையை வேண்டி நிற்கிறது. பின்னர் யார் பிறப்பினும் நீங்காத உரிமையுடையவர் வேறு. நெருங்கிய உரிமையாளர் ஒருவர் பிறந்தால் விலக நேர்பவர் வேறு. 1936 முதல் 1952 வரை எலிசபெத் இரண்டாம் வகையினர். அவருக்குத் தம்பி ஒருவர் பிறந்திருப்பின் அரியணை அவருடையதாயிராது. அவரை அக்காலத்துப் 'பட்டத்து இளவரசி' என்பது சட்டநிலையைத் திரித்துரைப்பதாகும். சப்பானியத்தில் பேரரசரின் மகனாகிய உரிமையாளர் 'கோதைஷி' எனப்படுவார். தம்பியாகிய அகிஷினோவுக்கு வழங்கப்பட்டதோ உரிமையாளர் எனப் பொதுவாகப் பொருள்படும் 'கோஷி' என்னும் சொல். முதல் வகைக்கு 'மாறா உரிமையர்' என்பதும் இரண்டாம் வகைக்கு 'மாறத்தக்க உரிமையர்' என்பதும் பொருந்துவன. முதல் வகையின் உறுதிப்பாடும் விதி மாறாதவரையே என்பதற்குக் கார்ல் பிலிப்பே சான்று.

6. 'ரூலர்': தீர்ப்புக்கு உட்பட்ட ஒரு சொல்

இதுகாறும் கூறியவை சொல்லாராய்ச்சியின் எல்லைக்குள் அடங்குவன என எண்ணுவோர்க்குத் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் வழக்கு விடையாக அமையும். 1949-இல் திருவிதாங்கூர், கொச்சி இணைப்புக்காகச் செய்யப்பட்ட உடன்படிக்கை அக்கோயிலின் நிருவாகத்தைத் 'திருவிதாங்கூர் ரூலர்' வசம் ஒப்படைத்தது. 1950-ஆம் ஆண்டின் இந்துசமய நிறுவனச் சட்டமும் அச்சொல்லையே ஆண்டது. அரசமைப்பின் 26-ஆம் திருத்தம் 1971-இல் மன்னர் மானியத்தை ஒழித்து, 366(22)-ஆம் உறுப்பில் அச்சொல்லுக்கு இருந்த வரையறையையும் மாற்றியது. அத்திருத்தத்துக்கு முன்னரே குடியரசுத் தலைவரால் ஏற்கப்பட்டவரும், அவ்வாறே வழியுரிமையராக ஏற்கப்பட்டவரும் மட்டுமே அவ்வரையறையுள் அடங்குவர். சித்திரைத் திருநாள் 1991-இல் மறைந்தார். அவர் தம்பி உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மர் 'ரூலர்' ஆவாரா என்பதே எழுந்த வினா.

ஆகார் என்றது 2011 சனவரி 31-இல் கேரள உயர்நீதிமன்றம். நிருவாகத்தை மாநில அரசு ஏற்க வேண்டும் எனவும் பணித்தது. 2020 சூலை 13-இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. கோயிலின் வழிவழி நிருவாக உரிமை மன்னர் பதவியால் வந்ததன்று, குடும்பத்தின் மரபால் வந்தது. எனவே அது வழக்காற்று உரிமைமுறைப்படி அடுத்தவரைச் சென்றடையும் என்பது அதன் முடிவு. 2013-இல் மார்த்தாண்ட வர்மர் மறைந்தபின் அவ்விடத்தில் இருப்பவர் உடன்பிறந்தாள் மகனாகிய மூலம் திருநாள் இராமவர்மர். மன்னராட்சி ஒழிந்து பல்லாண்டுகளுக்குப் பின்னும் மருமக்கத்தாயம் ஒரு பொறுப்பை ஒருவரிடம் சேர்ப்பித்துள்ளது.

மொழியியல் நோக்கில், முதல் தீர்ப்பு அச்சொல்லை வரையறையால் பொருள்பெறும் பதவிப்பெயராகக் கொண்டது. இரண்டாம் தீர்ப்பு அவ்வுடன்படிக்கைச் சூழலில் வழிவழி வருவோரையும் உள்ளடக்கும் சுட்டாகக் கொண்டது. இதனைத் தமிழில் 'ஆட்சியாளர்' எனப் பெயர்த்தால் முதற்பொருளே எஞ்சும். ஆட்சி இல்லாதவர் ஆட்சியாளராதல் கூடுமா என வாசகர் எளிதில் முடிவுகட்டிவிடுவார். 'மன்னர்' எனப் பெயர்த்தாலோ குடியரசில் மன்னர் உண்டோ என்னும் மயக்கம் பிறக்கும். இரண்டும் வழக்கைத் தொடங்குமுன்னரே தீர்த்துவிடும் பெயர்ப்புகள். சொல்லின் ஈரடித்தன்மையே வழக்கின் பொருளாக அமையும் இத்தகைய இடங்களில் மூலச்சொல்லை ஒலிபெயர்த்து வைத்து, வரையறையைத் தமிழில் விளக்குதலே நேர்மையான முறையாகும்.

7. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, அரசுரிமைத் தொடர்களில் வரும் உறவுச்சொல்லை அகராதிச் சொல்லால் பெயர்த்தல் ஆகாது; அதனைத் தம்பி மகன், மகள்வயிற்றுப் பேரன் என்றாற்போல உறவுப்படிகளாகப் பிரித்தே பெயர்த்தல் வேண்டும். இரண்டாவதாக, மருமகன், தம்பி முதலிய சொற்கள் தமிழில் நுண்மை மிகுந்தவை. பேரன், வாரிசு என்பன பரந்தவை. நுண்மை மிக்க சொல் மூலம் கூறாததைக் கூறிவிடும். பரந்த சொல் மூலம் கூறியதை விட்டுவிடும். இவ்விரு பிழைகளும் வெவ்வேறு மருந்தை வேண்டுவன. மூன்றாவதாக, தாயம், தலைப்பிள்ளை, மூப்பு என்னும் பழஞ்சொற்களும் வழக்குச்சொற்களும் இத்துறைக்குப் போதிய அடித்தளத்தைத் தருகின்றன.

அரசுரிமை விதிகள் ஒரு சமுதாயம் தன் பெண்மக்களையும் இளையோரையும் எவ்விடத்தில் நிறுத்துகிறது என்பதைக் காட்டுவன. ஐக்கோ ஏன் அரியணை ஏற இயலாது என்பதும், சார்லட் ஏன் தம்பிக்கு முன் நிற்கிறார் என்பதும் தமிழ் வாசகரைச் சரியாகச் சென்றடைவதற்கு, மொழிபெயர்ப்பாளர் அந்நாட்டுச் சட்டத்தை அறிந்திருப்பதோடு தம் வீட்டு உறவுச்சொற்களின் பொருளெல்லையையும் அறிந்திருத்தல் வேண்டும்.